உங்கள் ஆர்க்கிட்டின் பெயர் தெரியாவிட்டால் என்ன?

(நம் சங்கத்தின் தோட்டக் குழு சார்பில், சமூகக் கூடத்தில் புரட்டாசி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

காலை பதினொரு மணிக்கு, அதுவும் தண்ணீர் லாரி வரும் நேரத்தில், இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். சிலர் தொட்டியையே கையோடு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நல்லது, அவற்றை மேசையில் வைத்துவிடுங்கள். பேச்சின் நடுவே எனக்குத் தேவைப்படும்.

நம் தோட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் கொஞ்ச நாளாக ஒரே மாதிரி கேள்வி வருகிறது. ஒரு பூவின் படம், கீழே "இதன் பெயர் என்ன?" என்று ஒரு வரி. உடனே நாலு பேர் செல்போன் செயலியில் தேடி நாலு பெயர் போடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து இன்னொரு படம் வருகிறது. இலை மஞ்சளாகித் தொங்குகிறது. "என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்கள். அதற்கடுத்து அந்தத் தொட்டியை நான் பார்ப்பது குப்பை அறைக்கு வெளியேதான்.

அதனால் இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கடையில் வாங்கிய கலப்பின ஆர்க்கிட்டின் முழுப் பெயரை, பூவைப் பார்த்து உங்களால் அநேகமாகக் கண்டுபிடிக்க முடியாது. என்னாலும் முடியாது. ஆனால் அது எந்த வகையறா என்பதை, பூவே இல்லாவிட்டாலும், தண்டையும் வேரையும் பார்த்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். செடியைக் காப்பாற்ற அது போதும்.

பெயர் ஏன் கிடைக்காது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைகளில் நாம் வாங்கும் ஆர்க்கிட்டுகள் ஏறக்குறைய எல்லாமே கலப்பினம். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் வைத்து, மனிதர்கள் உண்டாக்கியவை. அப்படி மனிதக் கையால் உருவாகி முதலில் பூத்த ஆர்க்கிட், கலாந்தே டொமினியை. இங்கிலாந்தில் வெய்ட்ச் குடும்பத்தின் நர்சரியில் வேலை பார்த்த ஜான் டொமினி என்பவர் உருவாக்கியது, பூத்த ஆண்டு 1856. அன்று தொடங்கிய வேலை இன்னும் நிற்கவில்லை. லண்டனில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கம்தான் உலகத்து ஆர்க்கிட் கலப்பினங்களுக்கெல்லாம் பெயர்ப் பதிவேடு வைத்திருக்கிறது. அதில் 1 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் இருக்கின்றன. இரண்டு கலப்பினங்களைச் சேர்த்து மூன்றாவது, அதை வேறொன்றோடு சேர்த்து நான்காவது என்று போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் வெள்ளையும் ஓரத்தில் ஊதாவுமாக ஒரு பூ என்றால், அந்த அடையாளத்துக்குப் பொருந்துகிறவை எத்தனை இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே காயிலிருந்து வந்த கன்றுகள்கூட ஒன்றுபோல் இருக்காது. அண்ணன் அம்மா ஜாடை, தம்பி தாத்தா ஜாடை என்பது மாதிரிதான். அந்தப் பிள்ளைகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரு குழுப் பெயர் கொடுக்கிறார்கள். அதில் நன்றாக வந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் பெருக்கி, அதற்குத் தனிப் பெயரோ எண்ணோ வைக்கிறார்கள். கல்யாண ரிசப்ஷன் மேடைகளில் ஊதாவும் வெள்ளையுமாகச் செருகியிருப்பார்களே, அவற்றில் பெரும்பங்கு டெண்ட்ரோபியம் சோனியா என்ற குழு. அதற்குள்ளேயே சோனியா 17, சோனியா 28 என்று உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலும் புதியவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆகவே வாங்கும்போது தொட்டியில் பெயர்ச்சீட்டு இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். அதைப் படிப்பதும் சுலபம்தான். ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். முதல் சொல் பேரினம். இரண்டாவது சொல் சிறிய எழுத்தில் தொடங்கினால் அது காட்டில் விளையும் சிற்றினம். பெரிய எழுத்தில் தொடங்கினால் கலப்பினம். ஒற்றை மேற்கோள் குறிக்குள் ஏதாவது இருந்தால் அது அந்தத் தனிச் செடியின் பெயர். நடுவே பெருக்கல் குறி இருந்தால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், அதாவது அப்பா அம்மா பெயர்கள். தாயாக இருந்த செடியை முதலில் எழுதுவது வழக்கம். அந்தச் சீட்டை அப்படியே இன்னொரு பிளாஸ்டிக் துண்டில் பென்சிலால் எழுதித் தொட்டிக்குள் செருகி வையுங்கள். மார்க்கர் பேனா நம் வெயிலுக்கு ஒரு வருடம் தாங்காது. பென்சில் தாங்கும்.

பெயர்களும் சும்மா இருப்பதில்லை என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். சிங்கப்பூரின் தேசிய மலர் ஒரு கலப்பின ஆர்க்கிட், வாண்டா மிஸ் ஜோவாக்கிம். அங்கே வாழ்ந்த ஆர்மீனியக் குடும்பத்துப் பெண் ஆக்னஸ் ஜோவாக்கிமின் தோட்டத்தில் வந்தது. தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி 1893இல் அதை உலகுக்கு அறிவித்தார். 1981இல் தேசிய மலரானது. இப்போது தாவரவியலாளர்கள் அதை வாண்டாவிலிருந்து எடுத்து பாப்பிலியோனாந்தே என்ற பேரினத்தில் வைத்துவிட்டார்கள். ஒரு நாட்டின் தேசிய மலருக்கே பெயர் மாறுகிறது. நம் வீட்டுத் தொட்டியின் பெயருக்கு இவ்வளவு பதற்றம் வேண்டாம்.

சீட்டு இல்லையா? "பெயர் தெரியாத டெண்ட்ரோபியம், ஊதா, இன்ன வருடம், இன்னாரிடமிருந்து வந்தது" என்று எழுதி வையுங்கள். செயலி சொன்ன பெயரை எழுத வேண்டாம். அந்தப் பெயரோடு நீங்கள் ஒரு கன்றை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பீர்கள், அவர்கள் இன்னொருவருக்குக் கொடுப்பார்கள். பொய்ப் பெயர் ஒன்று ஊர் சுற்ற ஆரம்பித்துவிடும்.

இப்போது மேசைக்கு வருவோம். பூவைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி: இந்தச் செடி தென்னையா, வாழையா?

தென்னை ஒரே தண்டாக உச்சியில் மட்டும் வளரும். வாழை பக்கத்தில் கன்று விட்டு நகர்ந்துகொண்டே போகும். ஆர்க்கிட்டுகளிலும் இந்த இரண்டு ஜாதிதான். தென்னை ஜாதியில் குருத்து அழுகினால் பெரும்பாலும் செடி போச்சு. வாழை ஜாதியில் ஒரு தண்டு போனாலும் அடுத்தது வரும்.

இதோ, இந்த அம்மா கொண்டு வந்திருக்கும் செடியைப் பாருங்கள். தண்டே கண்ணுக்குத் தெரியவில்லை. நாக்கு மாதிரி அகலமான, தடித்த நாலைந்து இலைகள். பூந்தண்டு இலைக்கு அடியிலிருந்து வளைந்து வருகிறது. இது ஃபலனாப்சிஸ், தென்னை ஜாதி. பிறந்த நாளுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் பரிசாக வருவது அநேகமாக இதுதான். பட்டாம்பூச்சி மாதிரி வட்டமான பூ, இரண்டு மூன்று மாதம்கூட நிற்கும்.

பக்கத்தில் இருப்பது டெண்ட்ரோபியம், வாழை ஜாதி. கரும்பு மாதிரி கணுக்கணுவாக நிற்கும் தண்டுகள், மேல் பாதியில் இலைகள், உச்சிக் கணுக்களிலிருந்து பூங்கொத்து. சென்னையின் சூட்டுக்கும் புழுக்கத்துக்கும் இதைப்போல் ஒத்துப்போகும் ஆர்க்கிட் வேறில்லை. முதல் முறை வாங்குகிறவர்கள் இதையே வாங்குங்கள் என்பது என் கட்சி. ஃபலனாப்சிஸ் விசிறிகள் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

டெண்ட்ரோபியம் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் குடியிருப்பில் ஒரு பெரியவர், அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன், என்னை வீட்டுக்கு அழைத்தார். மனைவி வளர்த்த செடி. அந்த அம்மா போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஏழெட்டு தண்டுகள், அதில் ஐந்து மொட்டையாக, இலையே இல்லாமல், சுருங்கி, காய்ந்த குச்சி மாதிரி நின்றன. "வெட்டிப் போட்டுவிடலாமா சார்? இதன் பெயர் என்னவென்று மட்டும் சொல்லுங்கள், நான் புதிதாக அதையே வாங்கி வைக்கிறேன்" என்றார். சீட்டு இல்லை. பூவும் இல்லை. பெயர் சொல்ல வழியே இல்லை. ஆனால் அந்தத் தண்டுகளை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தோம். உள்ளே பச்சை. அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இருந்தன.

டெண்ட்ரோபியத்தின் மொட்டைத் தண்டு அதன் சேமிப்புக் கணக்கு. தண்ணீரும் சத்தும் அதில்தான் இருக்கிறது. புதுக் கன்றுக்கு அங்கிருந்துதான் போகிறது. வாழையில் தார் வெட்டியதும் மரத்தைச் சாய்ப்போம். இங்கே அப்படிச் செய்யக் கூடாது. பூத்து முடிந்த தண்டே அடுத்த வருடமும் பூப்பதுண்டு. பழுப்பாகி, அழுத்தினால் உள்ளே வெற்றாக நசுங்குகிற தண்டை மட்டும் வெட்டலாம். அவருடைய தொட்டியில் அப்படி இருந்தது ஒன்றுதான். மீதியை விட்டோம். இப்போது இரண்டு மொட்டைத் தண்டுகளின் மேல் கணுவில் குட்டிச் செடிகள் வேரோடு தொங்குகின்றன. ஹவாய் மொழியில் குழந்தைக்கு "கெய்கி" என்று பெயர். உலகம் முழுக்க ஆர்க்கிட்காரர்கள் அந்தக் குட்டிகளை அப்படித்தான் அழைக்கிறார்கள். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் பிரித்துத் தனித் தொட்டியில் வைக்கலாம். அவர் சீட்டில் மனைவியின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அதைவிடச் சரியான பெயர் அந்தச் செடிக்கு இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். பட்டை பட்டையான இலைகள் இரண்டு வரிசையாக, சீப்புப் பல் மாதிரி அடுக்கி, கீழே தடித்த வேர்கள் மீட்டர் நீளத்துக்கு அந்தரத்தில் தொங்கினால் அது வாண்டா. தென்னை ஜாதி. இதற்கு மண்ணும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம், ஒரு மரக்கூடை போதும். வாண்டா போலவே ஆனால் தண்டு உயரமாக, இலை குட்டையாக, பூ சிறிதாகக் கொத்தாக இருந்தால் மொக்காராவாக இருக்கலாம். அது அராக்னிஸ், வாண்டா, அஸ்கோசென்ட்ரம் என்று மூன்று பேரினங்களைச் சேர்த்து உருவாக்கியது. வளர்ப்பு வாண்டா மாதிரியேதான். அடியில் தட்டையாக, பச்சைக் கூழாங்கல் போல உப்பிய தண்டுகளும், மெல்லிய வேரும், மஞ்சள் பாவாடை கட்டி ஆடுகிற மாதிரிச் சின்னச் சின்னப் பூக்களும் இருந்தால் ஆன்சிடியம். உப்பிய தண்டின் தலையில் ஒன்றோ இரண்டோ தோல் போன்ற இலை மட்டும் நின்றால் காட்லியா. வாசனைக்குப் பெயர் போனது, ஆனால் முதல் செடியாக வேண்டாம்.

இனி வேர். ஐந்து நிமிடம் மட்டும் கவனிக்க முடியும் என்றால் இதை மட்டும் கவனியுங்கள்.

நம் கடைகளில் கிடைக்கும் இந்த ஆர்க்கிட்டுகளின் மூதாதைகள் மரக்கிளையில் ஒட்டி வாழ்ந்தவை. ஒட்டுண்ணி என்று சிலர் நினைக்கிறார்கள். மரத்திலிருந்து அவை எதையும் உறிஞ்சுவதில்லை, உட்கார இடம் மட்டும்தான் கேட்கின்றன. மழை வரும்போது நனையும், பத்து நிமிடத்தில் காற்றில் காயும். அதற்கேற்ற மாதிரி வேரின் மேல் பஞ்சு போல ஒரு உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது வெள்ளியாக இருக்கும். தண்ணீர் பட்டதும் உறை ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளிருக்கும் பச்சையைக் காட்டும். இதோ, தெளிக்கிறேன், நிறம் மாறுவதைப் பாருங்கள். உங்களுக்கு ஈரமானி எதுவும் வேண்டாம். வெள்ளி என்றால் தண்ணீர் கொடு, பச்சை என்றால் சும்மா இரு. பழுப்பாகிக் கொழகொழவென்று, இழுத்தால் உறை கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அந்த வேர் அழுகிவிட்டது.

அந்த வேரை மண்ணில் புதைத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். செம்மண், தொழு உரம் கலந்த நல்ல மண்ணாக இருந்தாலும் இதே கதிதான். அழுகிய வேரால் தண்ணீர் இழுக்க முடியாது, இலை வாடும். இலை வாடுகிறதே என்று நாம் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவோம். குப்பை அறைக்குப் போன தொட்டிகளில் பாதிக்கு மேல் இந்த வழியாகத்தான் போயிருக்கும்.

பரிசாக வரும் ஃபலனாப்சிஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வெளியே அழகான பீங்கான் தொட்டி, அதற்கு ஓட்டை கிடையாது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் கப், அதில் பாசியை இறுக்கி அடைத்திருப்பார்கள். மேலே காய்ந்த மாதிரித் தெரியும். நடுவில் பத்து நாள் ஆனாலும் ஈரம் போகாது. பீங்கான் தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் தேங்கி நிற்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உள் கப்பை வெளியே எடுங்கள். பூ இருக்கும்வரை பாசியோடே இருக்கட்டும், கப்பைக் கையில் தூக்கிப் பார்த்து எடை குறைந்தால் மட்டும் தண்ணீர் கொடுங்கள். பூ முடிந்ததும் பாசியை மெதுவாகப் பிரித்தெடுத்து, அழுகிய வேரை நறுக்கிவிட்டு, வேறு ஊடகத்துக்கு மாற்றுங்கள்.

ஊடகம் என்றால் பெரிய விஷயமில்லை. கரித்துண்டு, உடைத்த செங்கல் அல்லது ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு. சுண்டுவிரல் நுனி அளவு முதல் கட்டைவிரல் அளவு வரை. மட்டையை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, சாயமும் உப்பும் போன பிறகு பயன்படுத்துங்கள். டெண்ட்ரோபியத்துக்குக் கரியும் சில்லும் அதிகம், மட்டை குறைவு. ஃபலனாப்சிஸுக்கு மட்டை கொஞ்சம் கூடலாம். தூளாக இருக்கும் நார்க்கழிவு வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. தொட்டி சின்னதாக, பக்கவாட்டிலும் ஓட்டை உள்ள மண் தொட்டியாக இருந்தால் உத்தமம். "வளரும்தானே" என்று பெரிய தொட்டியில் வைப்பது குழந்தைக்கு அப்பா சட்டை போடுவது மாதிரி. மட்டை இரண்டு வருடத்தில் மக்கிவிடும், அப்போது மாற்ற வேண்டும். புது வேர் முனை பச்சையாக எட்டிப் பார்க்கும் நேரமே மாற்றச் சரியான நேரம்.

தண்ணீரைப் பற்றி நம் குடியிருப்புக்கென்றே ஒரு எச்சரிக்கை. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறோம். செம்பருத்தி தாங்கலாம். ஆர்க்கிட் தாங்காது. சுத்தம் செய்த தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் இருக்கிறது. போர் தண்ணீரும் நமக்கு உப்புதான், தொட்டி ஓரத்தில் வெள்ளைப் பூச்சு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பூச்சு வேர் நுனியைக் கருக்கும். மழைத் தண்ணீர் முதல் தரம். மொட்டை மாடியில் இரண்டு வாளி வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டிய அளவு கிடைக்கும், மூடி வையுங்கள், கொசு வரும். அடுத்தது மெட்ரோ தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றலாம். போர் தண்ணீர் தவிர வேறு வழியில்லை என்றால் வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரால் தொட்டி வழிய வழிய அலசிவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பீர்கள். காலண்டரைப் பார்க்காமல் வேரைப் பாருங்கள் என்பதுதான் பதில். ஆனாலும் ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். சில்லிலும் கரியிலும் இருக்கும் டெண்ட்ரோபியத்துக்குச் சித்திரை, வைகாசியில் தினமும் காலையில் ஒருமுறை. கூடையில் தொங்கும் வாண்டாவுக்கு அதே நாட்களில் இரண்டு வேளை, அல்லது காலையில் பத்து நிமிடம் வேரை வாளியில் ஊறவைப்பது. மட்டையில் உள்ள ஃபலனாப்சிஸுக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. அடைமழைக் காலத்தில் இதெல்லாம் செல்லாது. இன்னும் சில வாரத்தில் மழை வந்துவிடும். தொடர்ந்து மூன்று நாள் கொட்டினால் ஃபலனாப்சிஸை உள்ளே எடுத்துவிடுங்கள். அதன் குருத்தில் தண்ணீர் தேங்கி ஓர் இரவு நின்றால் போதும், அழுகல் ஆரம்பிக்கும். தண்ணீர் எப்போதும் காலையில்தான். குருத்தில் பட்டுவிட்டால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

வெளிச்சம். கிழக்குப் பார்த்த பால்கனிக்காரர்கள் பாக்கியசாலிகள், எல்லாவற்றையும் வளர்க்கலாம். மேற்குப் பால்கனியில் மதியத்துக்கு மேல் அடிக்கும் வெயில் இலையைப் பொசுக்கும். 50 சதவீத நிழல் வலை கட்டினால் டெண்ட்ரோபியமும் வாண்டாவும் சந்தோஷமாக இருக்கும். வடக்குப் பார்த்தவர்களுக்கு ஃபலனாப்சிஸ். உங்கள் இடத்தில் வெளிச்சம் போதுமா என்று இலையே சொல்லும். கரும்பச்சையாக, பளபளவென்று அழகாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூக்காது. இளம்பச்சையாக இருந்தால் சரி. சிவப்பு ஓடினால் இனி மேலும் வேண்டாம் என்று அர்த்தம். வரவேற்பறை டீபாய் மேல் இருக்கும் செடி அலங்காரத்துக்குச் சரி. பூ முடிந்ததும் பால்கனிக்கு வர வேண்டும்.

ஃபலனாப்சிஸ் ஏன் மறுபடி பூப்பதில்லை என்று எல்லோரும் கேட்கிறீர்கள். அது பூந்தண்டு விட, சில வாரங்களுக்குக் குளுமை வேண்டும். நமக்கு அது கிடைப்பது மார்கழி, தை மாத இரவுகளில் மட்டும்தான். அந்த நாட்களில் ஜன்னல் ஓரத்தில், நல்ல வெளிச்சத்தில், இரவுக் காற்று படும்படி வையுங்கள். இரவில் ஏ.சி. ஓடும் அறையில் வைத்துப் பூக்க வைப்பவர்களும் உண்டு. குளிர்காற்று நேரே செடி மேல் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 19:19:19 என்று பொடி கிடைக்கிறது. லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, வேர் நனைந்திருக்கும்போது. புது இலையோ வேரோ வராத நாட்களில் அதுவும் வேண்டாம். கூட்டிப் போட்டால் கூடப் பூக்கும் என்ற கணக்கு இங்கே பலிக்காது, வேர் கருகும்.

பூச்சியில் மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் வரும். இலை இடுக்கில், தண்டின் வெள்ளை உறைக்குள் ஒளியும். ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்துவிட்டு, லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புத் திரவம் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும். கத்தரிக்கோல் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஆர்க்கிட்டுகளில் பரவலான வைரஸ்கள் இரண்டு உண்டு, இரண்டும் ஒரு செடியை வெட்டிய கத்தியால் அடுத்த செடிக்குப் போகும். மருந்து கிடையாது. ஒவ்வொரு செடிக்கும் முன்னால் கத்தியை அடுப்புத் தீயில் காட்டி ஆறவிட்டு வெட்டுங்கள். அடுத்த வீட்டுக் கத்தரிக்கோலைக் கடன் வாங்காதீர்கள்.

வாங்குவது பற்றிக் கொஞ்சம். பூ எத்தனை என்று எண்ணாமல் வேரைப் பாருங்கள், மொட்டு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், தொட்டியில் செடி ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். பளீரென்ற நீலத்தில் ஃபலனாப்சிஸ் பார்த்தால் அது வெள்ளைப் பூவுக்குச் சாயம் ஏற்றியது, அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும். இணையத்தில் "ஆர்க்கிட் விதை 100" என்று பாக்கெட் விற்கிறார்கள், வாங்காதீர்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், அதில் முளைக்கத் தேவையான உணவே கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை உதவினால்தான் முளைக்கும். சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைக்கலாம் என்று லூயிஸ் நட்சன் 1922இல் காட்டினார். இன்றைக்கும் அது ஆய்வுக்கூட வேலைதான். தொட்டியில் தூவி முளைக்காது.

மலைக்குச் சுற்றுலா போகிறீர்கள், யாரோ மரத்திலிருந்து பிய்த்த ஆர்க்கிட்டை வழியில் நீட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மலிவாகத்தான் இருக்கும். வாங்க வேண்டாம். அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே விளைகிற பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்று ஒரு மஞ்சள் ஆர்க்கிட் இருக்கிறது. சேகரிப்பவர்கள் பிடுங்கிப் பிடுங்கியே அதைக் காட்டில் அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பேரினம் முழுவதும், நீல வாண்டா, சிவப்பு வாண்டா ஆகியவையும் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவரப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் இல்லாததாக இருந்தாலும் மலைக் குளிரில் இருந்த செடி நம் பால்கனிக்கு வந்தால் ஒரு கோடையைத் தாண்டாது. கலப்பினத்தை நான் ஆதரிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். நர்சரியில் பிறந்தது, சூட்டுக்குப் பழகியது, அதற்காக எந்தக் காட்டு மரமும் மொட்டையாகவில்லை. காட்டு ஆர்க்கிட்டைப் பார்க்க ஆசை இருந்தால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.

பேச்சுக்குப் பிறகு வந்த கேள்விகளில் மூன்றை மட்டும் இங்கே சேர்க்கிறேன்.

அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றலாமா என்று ஒரு மாமி கேட்டார். ரோஜாவுக்கு ஊற்றுங்கள். ஆர்க்கிட்டுக்கு வேண்டாம். கஞ்சி ஊடகத்தில் தங்கிப் புளிக்கும், எறும்பும் பூஞ்சையும் வரும்.

பத்து நாள் ஊருக்குப் போனால் என்ன செய்வது? கிளம்பும் அன்று காலை நன்றாக நனைத்துவிட்டு, வெயில் படாத, காற்று உள்ள இடத்தில் எல்லாத் தொட்டிகளையும் ஒன்றாக நெருக்கி வையுங்கள். டெண்ட்ரோபியம் தாங்கும், அதற்குத்தான் சேமிப்புக் கணக்கு. ஃபலனாப்சிஸும் பெரும்பாலும் தாங்கும். வாண்டாவை மட்டும் யார் வீட்டிலாவது விட்டுச் செல்லுங்கள். தட்டில் தண்ணீர் நிரப்பி அதில் தொட்டியை நிற்க வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

மூன்றாவது, பூ முடிந்த செடியைப் பார்த்துக்கொள்ள இடமோ நேரமோ இல்லாதவர்கள் என்ன செய்வது? குப்பை அறைக்குக் கொண்டுபோக வேண்டாம். விளையாட்டுத் திடல் ஓரத்து மாமரங்கள் மூன்றும் சொரசொரப்பான பட்டையோடு, அரை நிழலோடு இருக்கின்றன. டெண்ட்ரோபியத்தையும் வாண்டாவையும் தொட்டியிலிருந்து எடுத்து, தேங்காய் நார்க் கயிற்றால் கிளைப் பிரிவில் ஆடாமல் கட்டிவிட்டால் ஒரு மழைக்காலத்தில் வேர் பட்டையைப் பிடித்துக்கொள்ளும். கொய்யா மரத்தில் கட்ட வேண்டாம், அது பட்டையை உதிர்க்கும், செடியும் கூடவே விழும். தோட்டக் குழு ஏணியும் கயிறும் வைத்திருக்கிறது. மழை தொடங்குவதற்குள் கட்டிவிட வேண்டும் என்பதால், வருகிற சனிக்கிழமைகளில் காலை 7 மணிக்கு மரத்தடிக்குக் கொண்டு வாருங்கள். பெயர்ச்சீட்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு எண்ணை எழுதிக் கட்டுகிறோம். பூத்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிய வேண்டுமே.